பின் இடது சக்கரம்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் இங்கே வந்துவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய நேரம். உன் அம்மா சமையலறையில் முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தேன். "நாலு வீல்லயும் காத்து பாத்தாச்சு, போலாமா" என்று மாப்பிள்ளை கேட்டார். நீ சரி என்றாய். அவர் கை கழுவ உள்ளே போனார். அவர் போனதும் நீ டிக்கியைத் திறந்து காற்று அளக்கும் கருவியை எடுத்தாய். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து வைத்துப் பார்த்தாய். அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அதை எடுத்த இடத்தில் வைத்து டிக்கியைச் சத்தம் வராமல் மூடிவிட்டாய். நான் பார்த்தது உனக்குத் தெரியாது. காற்று சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நீ ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாய். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி ஏழு மாதத்தில் உன் புருஷன் சொன்னதை அவர் முதுகுக்குப் பின்னால் நீ சரிபார்க்கிறாய். அப்படிச் செய்ய உனக்கு ஒரு காரணம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் காரணம் பொய். அதை உண்டாக்கியவன் நான். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

என் வேலை உனக்குத் தெரியும். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் இன்சூரன்ஸ் சர்வேயர். திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் ரோடுகளில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் முப்பது வருஷம் நான்தான் போய்ப் பார்த்தேன். வண்டிக்காரன் ஒன்று சொல்வான், வண்டி வேறு ஒன்று சொல்லும். வண்டி சொல்வதை மட்டும் நம்ப வேண்டும் என்று பழகிக்கொண்டேன். வேலைக்கு அது நல்ல பழக்கம். நான் அதை வேலையோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வரவில்லை. பால்காரர் மேல் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரர் குழாய்த் தண்ணீரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறாரோ என்று சந்தேகம், உன் அம்மா தலைவலி என்றால்கூட நெற்றியில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் முழங்கால் சிராய்ப்போடு வந்தாய். ஸ்கூட்டரின் முன் கவசம் உடைந்திருந்தது. "நாய் குறுக்க வந்துருச்சுப்பா" என்றாய். நான் தலையை ஆட்டிவிட்டு, நீ மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே டேப்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். பிரேக் பிடித்த தடம் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்தேன். யாரோடாவது போட்டி போட்டு ஓட்டியிருப்பாய் என்று எனக்கு எண்ணம். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன சார் அளக்குறீங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ஆமா சார், செவலை நாய். பிள்ள நாயைக் காப்பாத்தத்தான் விழுந்துச்சு. நான்தான் தூக்கி விட்டேன்" என்றார். நீ சொன்னது அப்படியே உண்மை. வீட்டுக்கு வந்து உன்னிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பொண்ணு பொய் சொல்லவில்லை என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். நான் டேப்போடு போன விஷயம் மறுநாளே உன் தோழி மூலமாக உனக்குத் தெரிந்துவிட்டது என்று ரொம்ப நாள் கழித்து உன் அம்மா சொன்னாள். ஒரு வாரம் நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது யாரிடமும் சொல்லாதது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒருவர் சொந்தமாக லோடு வண்டி வைத்துப் பூவும் தக்காளியும் ஏற்றிக்கொண்டிருந்தார். முன் டயர் வெடித்து வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. "போன மாசம்தான் சார் புது டயர் போட்டேன்" என்றார். ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் நான்கு எண்கள் இருக்கும். எந்த வருஷம், எத்தனையாவது வாரம் அது செய்யப்பட்டது என்று அதில் தெரிந்துவிடும். நான் குனிந்து பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய டயர். வண்டிக்காரர் சொல்வது நம்பும்படி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. டயர் விற்ற கடைக்காரன் பழைய சரக்கைப் புதுசு என்று அவர் தலையில் கட்டியிருக்கிறான் என்பது வேறொரு வழக்கில் எனக்குத் தெரியவந்தபோது ஒரு வருஷம் ஓடிவிட்டது. நான் அறிக்கையைத் திருத்தவில்லை. அவரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் அவர் வீடு இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிப் போவேன்.

இப்போது உன் நீல வண்டிக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஜப்பானில் செய்த பந்தய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதை நீ வாங்கி வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. வேடசந்தூர் மில்லில் மெஷின் பராமரிக்கிற இன்ஜினியருக்கு எதற்கு இப்படி ஒரு வண்டி என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். நீ அதைச் சீர்படுத்தி ஓட்டியதைப் பார்த்து உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. டயர் தேய்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. அதன் பழைய அளவு டயர் திண்டுக்கல்லிலும் இல்லை, மதுரையிலும் இல்லை. எங்கேயோ ஒன்றிரண்டு கிடைத்தாலும் கடையில் கிடந்தே இறுகிப்போனவை. அதே வண்டியின் பிந்தைய மாடலில் வரும் சக்கரங்களை மாட்டிவிடலாம், அந்த அளவு டயர் தாராளமாகக் கிடைக்கும் என்றாய். சக்கரங்களை ஒருவர் கொண்டுவருகிறார் என்றும் சொன்னாய்.

அந்த ஒருவர்தான் கதிர். ஊர் ஒட்டன்சத்திரம், அப்பாவுக்குக் காய்கறி மண்டி, வேலை கோயம்புத்தூரில் பந்தயக் கார்களைப் பராமரிக்கும் ஒரு பட்டறையில். வண்டி ஓட்டுகிறவர்கள் கூடுகிற இடத்தில் பழக்கம் என்றாய். நீ பேர் சொன்ன விதத்திலேயே எனக்கு மற்றது புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு வழக்கு. மண்டியில் விசாரித்தேன், நல்ல குடும்பம் என்றார்கள். இவ்வளவு நல்லபடியாகச் சொல்கிறார்களே, ஏன் என்று யோசித்தேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் சக்கரங்களோடு வந்தார். நம் வீட்டு முன்னால் சாக்கு விரித்து நாலையும் படுக்க வைத்தீர்கள். நான் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நகங்களில் கிரீஸ் இல்லை. பட்டறைக்காரன் நகம் இம்புட்டுச் சுத்தமா இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற மாடல் சக்கரம் இதுக்கு எப்படிம்மா பொருந்தும்?" என்று கேட்டேன்.

நீ பொறுமையாகச் சொன்னாய். "போல்ட் அஞ்சும் அதே வட்டத்துலதான்ப்பா இருக்கு. நடு ஓட்டையும் அதே அளவு. ரிம் ஒரு இன்ச் பெருசு, அதுக்குத் தக்கன டயரோட சுவர் சின்னது. மொத்த உயரம் மாறாது. மீட்டர் தப்பாக் காட்டாது."

"பிரேக்குல இடிச்சா?"

நீ சிரித்துக்கொண்டே பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை உருட்டி பிரேக்கின் மேல் ஒட்டினாய். சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றிக் காட்டினாய். களிமண் நசுங்கவில்லை. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி எங்கேயும் உரசவில்லை என்று காட்டினாய். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாய், ஒன்றைத் தவிர. கதிர் உன்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, "நாலு டயரும் ஒரே வண்டியில ஒண்ணா ஓடினதுங்க. தேஞ்சது போக மிச்சம் இருக்குற காடியோட ஆழத்தை அளந்து எழுதியிருக்கேன். நாலும் அஞ்சு மில்லி" என்றார். இந்த மாதிரி வண்டியில் ஒரு டயர் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கக் கூடாது, இருந்தால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் விசையைப் பகிர்ந்து கொடுக்கிற பெட்டி அந்த வித்தியாசத்தோடு மல்லுக்கட்டிச் சூடாகி எரிந்துவிடும் என்று எனக்கும் விளக்கினார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அளக்கவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து வண்டிக்குள் வைத்துவிட்டாய். ஒரு ஆள் சொன்னதை என் மகள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்று இன்றைக்கு அதற்குப் பேர் வைக்க முடிகிறது. அன்றைக்கு அதை அக்கறை என்று சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் உள்ளே டிபன் சாப்பிடும்போது நான் குனிந்து நாலு டயரின் எண்களையும் படித்தேன். மூன்று டயர்கள் ஒரே வாரம். நாலாவது அதற்கு மூன்று மாதம் மூத்தது. அதன் உள்பக்கச் சுவரில் உரசின தடமும் ஒன்று இருந்தது. எனக்கு அது போதும். மூன்றை நல்லதாகக் கொடுத்து, நாலாவதாக அடிபட்ட ஒன்றைக் கோத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். உன்னிடம் கேட்டிருக்கலாம், அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பான் என்று நினைத்தேன். அந்த டயர் பின் இடது பக்கம் போயிற்று.

மூன்று மாதம் அந்தத் தடத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். நீ சிறுமலைக்குப் போனால் நீ இறங்கி வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. அதற்குள் இரண்டு வீட்டிலும் பேசிக் கல்யாணம் முடிவாகிவிட்டது. சித்திரையில் மில் வேலையாக நீ நாலு நாள் அகமதாபாத் போனாய். அந்த இரண்டாம் நாள் பகலில் உன் வண்டியை எடுத்துக்கொண்டு பழனி ரோட்டில் இருக்கும் டயர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எனக்கு இருபது வருஷப் பழக்கம். பின் இடது சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்து உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமில்ல சார். கல்லுல ஒரசுன தடம். நாலையும் ஒண்ணா வாங்குனாலும் செஞ்ச தேதி முன்னப்பின்னதான் வரும். நல்லா ஓடும்" என்றார்.

"எதுக்கும் இருக்கட்டும் பாய், இதே கம்பெனியில புதுசு ஒண்ணு போட்ருங்க."

அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இது நாலு வீலும் இழுக்குற வண்டியாச்சே சார். ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது. மாத்துனா நாலும் மாத்தணும். செத்த பொறுங்க, பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

இவர் நாலு டயரை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இருபது வருஷம் பழகிய மனிதரைப் பற்றி அப்படி நினைத்தேன். "ஒரே சைசுதானே பாய், போடுங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டார்.

இனி வருவதை எழுத எனக்குக் கூசுகிறது. புது டயரின் மேல் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, வீட்டுக்கு வந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன். தெருப்புழுதியைத் தண்ணீரில் குழைத்து டயரின் சுவர் முழுக்கத் தேய்த்தேன். வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கம் அந்தச் சக்கரம் வரும்படி வண்டியை நிறுத்தினேன். வாழ்க்கை முழுக்க இந்த மாதிரி வேலைகளைக் கண்டுபிடித்து எழுதியவன் நான். எப்படிச் செய்தால் கண்ணில் படாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. முடித்துவிட்டு, மகளின் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு குளித்தேன்.

மூன்று வாரம் நீ அதில் மில்லுக்குப் போய் வந்தாய். திரும்பும்போது வண்டி ஏதோ இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாய். ரோடு சரியில்லை என்றேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நீயும் அம்மாவும் கல்யாணச் சேலை எடுக்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினீர்கள். தாராபுரம் தாண்டி ஒரு திருப்பத்தில் வண்டி நடு ரோட்டில் நின்றதையும், பின்னால் வந்த லோடு வேன் பக்கவாட்டில் இடித்ததையும் நீ எனக்குப் போனில் சொன்னாய். உன் குரல் நடுங்கவில்லை, அதனாலேயே எனக்குப் பயம் வந்தது. "அம்மாவுக்குப் புருவத்துல நாலு தையல் போட்ருக்காங்க. வேற ஒண்ணுமில்ல. வாங்க" என்றாய். பஸ்ஸில் வரும்போது அந்த டயர் என் நினைவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? வந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் அம்மா தலைக்கட்டோடு உட்கார்ந்து, "மாடு படுத்துக்கிட்ட மாதிரி வண்டி படுத்துருச்சுங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டியை இழுத்துக்கொண்டுபோயிருந்த கதிரின் பட்டறையில் மறுநாள் என்ன நடந்தது என்று உனக்கு மறந்திருக்காது. விசையைப் பகிர்கிற அந்த நடுப்பெட்டி எரிந்துபோயிருந்தது. பட்டறை முதலாளி நாலு டயரையும் டேப் சுற்றி அளந்தார். பின் இடது டயர் மட்டும் சுற்றளவில் ஓர் அங்குலம் கூடுதல். நீ வண்டிக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தாய்.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு. இதுல எட்டு மில்லி இருக்கு. அளந்து எழுதினீங்களா, அளக்காம எழுதினீங்களா?" என்று கதிரைக் கேட்டாய்.

அவர் அந்த டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலால் சுவரைத் துடைத்தார். ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அளந்துதான் எழுதினேன்" என்றார்.

"அப்ப இது?"

"இப்ப நான் எதைச் சொன்னாலும் சரியா வராதுங்க."

நீ காகிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாய். அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நானே என் கையால மாட்டுனேன்ப்பா. எப்படி என் கண்ணுல படாமப் போச்சு? எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாய். உன் கண் சரியாகத்தான் பார்த்தது பாப்பா. நீ மாட்டியபோது அந்த டயர் அங்கே இல்லை. அதைச் சொல்ல எனக்கு அந்த பஸ்ஸில் மூன்று மணி நேரம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தப் பையன் மேல எனக்கு முதல்லருந்தே ஒரு இது இருந்துச்சும்மா" என்றேன். அடுத்த நாள் நீ கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னாய்.

இருபது நாள் கழித்துக் கதிர் நம் வீட்டுக்கு வந்தார். நீ மில்லில் இருந்தாய், அம்மா தையல் பிரித்த இடத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பகல் பதினோரு மணி இருக்கும். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"மாமா, அந்த டயரு பட்டறையிலதான் இருக்குதுங்க" என்றார்.

நான் காலி டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்தேன்.

"அதுல இருக்குற வாரத்தைப் பாத்தேனுங்க. நான் சக்கரம் கொண்டாந்து குடுத்தது தை மாசம். அந்த டயரு செஞ்சதே அதுக்கப்புறம் அஞ்சு வாரம் கழிச்சுங்க. முடியெல்லாம் கத்தரியில வெட்டியிருக்குது. ஓடித் தேஞ்சா அப்படி இருக்காதுங்க."

"அவகிட்ட சொல்லிட்டியாப்பா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"நான் போனா அவங்களுக்கு வேற ஆள் கெடைக்கும். உங்களைப் பத்தி நான் சொல்லி, அது அவங்க மனசுல நின்னுக்கிச்சுன்னா என்ன பண்றதுங்க? நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன். இன்னும் சொல்லலைன்னு தெரிஞ்சுது. அதானுங்க வந்தேன்."

இவருக்கு என்ன வேண்டும் என்பதுதான் அப்போதும் என் மனதில் ஓடியது. இதை வைத்து என்னை என்ன செய்யப் போகிறார்? எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டபோது ஒன்றே ஒன்று கேட்டார். "அவங்க மில்லுக்கு இப்ப பஸ்லயா போறாங்க? பஸ்ஸு நேரத்துக்கு வருதுங்களா?" என்றார். வருகிறது என்றேன். போய்விட்டார்.

சொல்லத்தான் நினைத்தேன். அன்று மாலை நீ வந்து பையை வைத்தபோது வாயெடுத்தேன். வந்தது வேறு பேச்சு. "மனுசன்னா ஒரு தப்பு நடக்கத்தாம்மா செய்யும். கதிர் நல்ல பையன்தான். மனசுல வச்சுக்காம மன்னிச்சு விட்ரு" என்றேன். செய்யாத தப்புக்கு அவரை மன்னிக்கும்படி உனக்கு நான் சிபாரிசு செய்தேன். நீ இரண்டு நாள் யோசித்து, அப்பாவே சொல்கிறார் என்று மன்னித்தாய். உங்கள் கல்யாணம் அந்த மன்னிப்பின் மேல் நடந்தது. மாப்பிள்ளையும் அதை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். என்ன நினைத்து வாங்கிக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பழனியில் தாலி கட்டி முடித்து என் காலில் விழுந்து எழுந்தபோதுகூட அவர் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லையே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். எரிந்துபோன பெட்டிக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கானது. அவரே பட்டறையில் உட்கார்ந்து மாட்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே தேதியில் டயர் போட்டு உன்னிடம் சாவியைக் கொடுத்தார். அந்த நாலையும் நீ அளந்து பார்த்தாய் என்று அம்மா சொன்னாள். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ டிக்கியை மூடிய விதத்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படி உட்கார முடியவில்லை. சத்தம் வராமல் மூடுவது என் பழக்கம். அதை உனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, என்னைப் பார்த்து வந்திருக்கிறது. இதே மாதிரி நீ இன்னும் முப்பது வருஷம் அவர் பின்னாலேயே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் வீட்டில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். என்னோடு அப்படி இருந்து பார்த்தவள் உன் அம்மா.

திங்கட்கிழமை காலை அவளிடம் முதலில் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஈரக்கையால் புருவத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். "அவகிட்ட சொல்லிட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க" என்றாள். அதோடு சரி. நேரத்துக்குத் தட்டில் சோறும் வெஞ்சனமும் வருகிறது. பேச்சு வரவில்லை.

உனக்கு ஏதாவது சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் இந்த வயதில் இதுதான் எனக்குத் தெரிந்தது, சொல்லிவிடுகிறேன். யாரையும் சந்தேகப்படாதே என்று சொல்ல மாட்டேன். மெஷினோடு வேலை செய்கிறவள் நீ, வண்டி ஓட்டுகிறவள். அளந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆளின் முன்னாலேயே அள. அளவு சரியாக இருந்தால், நீ சொன்னது சரிதான் என்று அவரிடமே சொல். நான் அளந்ததையெல்லாம் ஒளிந்து அளந்தேன். சரியாக இருந்தபோது ஒரு தடவைகூட யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, ரெட்டியார்சத்திரத்துக்காரரிடமும் சொல்லவில்லை. தப்பைக் கண்டுபிடித்தபோது மட்டும் வாய் திறந்தேன். அப்படி இருக்கிற மனுஷனுக்கு உலகத்தில் தப்பு மட்டும்தான் நடக்கிற மாதிரி தெரியும்.

மாப்பிள்ளை ஏன் உன்னிடம் சொல்லாமல் இருந்தார் என்று நீ அவரிடம் கேட்க வேண்டும். என்னைக் காப்பாற்றினார் என்று நான் நன்றியோடு இருந்தாலும், கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மறைத்ததும் மறைத்ததுதான். அதில் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். அதற்குமுன் ஒன்று செய். நான் எழுதியதையும் நீ நம்ப வேண்டாம். பழனி ரோட்டு பாயிடம் போன் போட்டுக் கேள். சித்திரையில் என்ன நடந்தது என்று அவர் சொல்வார். சரிபார்க்க வேண்டிய ஆள் நான்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடலாம் என்றுதான் கவர் வாங்கி வந்தேன். தபாலில் போட்டால் நீ படிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நீ போன் செய்தால் எடுக்காமலும் இருக்கலாம் என்று என் புத்தி சொல்வதைக் கவனித்தேன். அதனால் கவரை ஒட்டவில்லை. நாளை காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்துவிடுவேன். இரண்டு பேரும் இருக்கும்போது உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். முடித்ததும் என்னிடம் பேச வேண்டாம். முதலில் அவரிடம் பேசு. எவ்வளவு நேரமானாலும் நான் அங்கேயே இருக்கிறேன்.

அப்பா